ஏரி, நீர், வெள்ளம்: ஓர் ஆய்வேட்டை ஒருங்குறிக்கு மாற்றி அச்சேற்றிய பதிவு

என் அக்கா பள்ளி ஆசிரியை. பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து, ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டக் கண்மாய்களில் வழங்கும் பாசனச் சொற்களைத் தொகுத்து ஆய்வேடு எழுதியிருக்கிறார். மடை, மதகு, கலுங்கு, மறுகால், குமிழித்தூம்பு, நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று நீளும் சொற்கள், விடுமுறை நாட்களில் ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதியவை. 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று மக்கள் சொல்லும் ராஜசிங்கமங்கலம் கண்மாயிலிருந்து, பெயர் பலகைகூட இல்லாத ஊருணிகள் வரை அதில் இருக்கின்றன. ஆய்வுச் சுருக்கம் ஏற்கப்பட்டு, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டிய நேரம் வந்தபோது கோப்புகளை எல்லாம் ஒரு பென் டிரைவில் போட்டு என்னிடம் கொடுத்தார். எழுத்துரு மாற்றம், பக்க வடிவமைப்பு, பிடிஎஃப், பைண்டிங் எல்லாம் என் பொறுப்பு. அந்த வேலையை இங்கே எழுதி வைக்கிறேன். தமிழில் ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கும், அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவுகிறவர்களுக்கும் இது பயன்பட வேண்டும்.

முதலில் அக்கா கேட்டது சின்ன வேலைதான். "எல்லாத்தையும் சேர்த்து ஒரே ஃபைலா ஆக்கிக் கொடுத்தாப் போதும் தம்பி, பிரிண்ட் நல்லா வந்தாச் சரி" என்றார். கோப்புகளைத் திறந்து பார்த்ததும் அது போதாது என்று தெரிந்தது. முதல் இரண்டு இயல்கள் ஒரு டிடிபி மையத்தில் பாமினி எழுத்துருவில் அடித்தவை. மூன்றாம் இயல் பள்ளி அலுவலகக் கணினியில் வானவில் எழுத்துருவில் அடித்தது. கடைசி இரண்டும், பின்னிணைப்புச் சொல்லடைவும் மடிக்கணினியில் ஒருங்குறியில், அதாவது யூனிகோடில் அடித்தவை. அச்சில் மூன்றும் தமிழாகத்தான் தெரியும். கோப்புக்குள் அவை மூன்று வெவ்வேறு பொருள்கள்.

பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். அந்த எழுத்துரு கணினியில் இருக்கும்வரை அந்த ஐந்து குறிகளும் தமிழ் உருவில் தெரியும். அது இல்லாத கணினியில் குப்பை. தேடுபொறிக்கும் குப்பை. இன்று ஆய்வேடு நூலக அலமாரியோடு நின்றுவிடுவதில்லை. அதன் மின்வடிவம் காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்துக்குப் போகிறது. அங்கே யாராவது 'கலுங்கு' என்று தேடினால் அக்காவின் ஆய்வேடு வந்து நிற்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் வாயிலிருந்து எடுத்து எழுதிய சொற்கள் அவை. சொன்னவர்களில் சிலர் இப்போது இல்லை. அந்தச் சொற்கள் படமாக மட்டும் மிஞ்சுவதில் எனக்குச் சம்மதமில்லை. தமிழ்நாடு அரசு 2010 இலேயே ஒருங்குறியை அலுவல் தரமாக அறிவித்துவிட்டது. ஆகவே எல்லாவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை என்று அக்காவிடம் சொன்னேன். "நேரம் ஆகுமேடா" என்றார். ஆகும்தான்.

இணையத்தில் கிடைக்கும் ஓர் எழுத்துரு மாற்றியில் முதல் இயலை ஒட்டிப் பார்த்தோம். வந்ததை மேலோட்டமாகப் பார்த்தால் சரியாகவே இருந்தது. தேடிப் பார்த்தபோதுதான் நிலைமை தெரிந்தது. பக்கத்துக்குப் பத்து இடத்தில் 'ஏரி' இருக்கும் இயலில் 'ஏரி' என்று தேடினால் ஒன்றும் வரவில்லை. 'நீர்' வரவில்லை. 'வெள்ளம்' வரவில்லை. ஆய்வின் உயிர்ச்சொற்கள் மூன்றும் இல்லாமல் போயிருந்தன.

காரணம் பழைய தட்டச்சுப் பழக்கத்தில் இருக்கிறது. ர என்ற எழுத்தின் மேல் புள்ளி வைத்தாலோ, ரி, ரீ என்று கொம்பு சேர்த்தாலோ, அச்சில் கீழே உள்ள சாய்கோடு இல்லாமல் காலைப் போலவே எழுதும் வழக்கம் உண்டு. அதனால் தட்டச்சர்கள் ர் அடிக்க வேண்டிய இடத்தில் துணைக்காலை அடித்துப் புள்ளி வைப்பார்கள். காகிதத்தில் அழகாகத்தான் இருக்கும். ஒருங்குறிக்கு அப்படியே மாற்றினால் 'ஏாி', 'நீா்' என்று வந்துவிடும். திரையில் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவதே கடினம், ஆனால் அது ஏ, துணைக்கால், இகரக் கொம்பு. ரகரமே அதில் இல்லை.

வெள்ளத்தின் கதை வேறு. ஔகார உயிர்மெய்க்குப் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தனிக்குறி கிடையாது. முன்னால் ஒற்றைக்கொம்பு, பின்னால் ளகர எழுத்து, அவ்வளவுதான். கௌரவம் என்பதில் வரும் கௌவும், வெள்ளம் என்பதில் வரும் வெள்ளும் பாமினிக்கு ஒரே அமைப்பு. மாற்றி அதை ஔகாரம் என்று எடுத்துக்கொண்டால் 'வௌ்ளம்' என்று உடைந்து வரும். தெளிவு 'தௌிவு' ஆகும். வெளியீடு 'வௌியீடு' ஆகும். இணையத்தில் தமிழ் படிக்கும் எல்லோரும் இந்த உடைந்த உருவங்களைப் பார்த்திருப்பார்கள். அவை எழுதியவரின் பிழை இல்லை. மாற்றியின் வேலை.

சரி, நாமே ஒரு மாற்றியை எழுதிக்கொள்வோம் என்று பைத்தான் நிரல்மொழியில் உட்கார்ந்தேன். முழுவதும் புதிதாக எழுத வேண்டியதில்லை. ஓப்பன்-தமிழ் என்ற திறமூல நிரல் நூலகத்தில் பழைய குறியாக்கங்களை மாற்றும் பகுதி இருக்கிறது, அதன் அட்டவணை நல்ல தொடக்கம். அதற்குமேல் எந்த வரிசையில் எதைச் செய்கிறோம் என்பதில்தான் வேலையே இருக்கிறது. இந்த இடத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதல் படி, அட்டவணைப்படி குறிகளை எழுத்துகளாக மாற்றுவது. நீளமான குறித்தொடர்களை முதலில் மாற்ற வேண்டும், ஒற்றைக் குறிகளைக் கடைசியில். ஔகாரத்தை இந்தப் படியில் தொடவே கூடாது. கொம்பும் ளகரமுமாகவே விட்டுவிட வேண்டும்.

இரண்டாம் படி, கொம்புகளை இடம் மாற்றுவது. பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகள் பதிவாகும்: முதலில் கொம்பு, பிறகு மெய். ஒருங்குறியில் மெய் முதலில், உயிர்க்குறி பிறகு. எனவே ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி மூன்றையும் அடுத்துள்ள மெய்க்குப் பின்னால் தள்ள வேண்டும்.

மூன்றாம் படி ரகரத்தை மீட்பது. துணைக்காலுக்குப் பின்னால் புள்ளியோ, இகர, ஈகாரக் கொம்போ வந்தால் அந்தக் கால் ரகரம்தான். தமிழில் ஓர் உயிர்க்குறியின் மேல் இன்னொன்று ஏறாது என்பதால் இந்த மாற்றத்தைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம்.

நான்காம் படிதான் கொம்பையும் காலையும் சேர்த்து ஒகர, ஓகார உயிர்மெய் ஆக்குவது. மூன்றுக்கு முன்னால் நான்கைச் செய்துவிட்டால் பெரும் சேதம். 'பெரிய' என்ற சொல்லில் ப, ஒற்றைக்கொம்பு, கால், இகரக் கொம்பு, ய என்று கிடக்கும். கொம்பும் காலும் முதலில் சேர்ந்தால் அது 'பொிய' ஆகிவிடும். தெரியும் என்பது 'தொியும்' ஆகும். வேர் என்பது 'வோ்' ஆகும். ரகரத்தை முதலில் மீட்டுவிட்டால் இந்தச் சிக்கல் எழவே எழாது. 'போர்' போன்ற சொல்லில் இரண்டு கால்கள் அடுத்தடுத்து வரும். அங்கும் கடைசிக் கால் ரகரமாகி, முதல் கால் கொம்போடு சேர்ந்து சரியாக அமர்கிறது. எத்தனையோ தளங்களில் 'தொியும்' என்று பார்த்திருக்கிறேன். அதன் காரணம் இந்த ஒரு வரிசை மாற்றம்தான்.

ஐந்தாம் படி ஔகாரம். மாற்றிய உரையில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் வரும் எல்லாச் சொற்களையும் ஒவ்வொன்றும் ஒரே முறை வரும் பட்டியலாக எடுத்து அக்காவிடம் கொடுத்தேன். பட்டியல் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. பௌர்ணமி, கௌரவம், மௌனம், பௌத்தம் போன்றவற்றை அவர் பென்சிலால் வட்டமிட்டுக் கொடுத்தார். அவற்றை மட்டும் ஔகாரமாக மாற்றினேன். வெள்ளம், வெள்ளாமை, தெளிவு, கிளை வாய்க்காலின் வெளிவாய் எல்லாம் தொடாமல் பிழைத்தன. ஒளி, ஔவை இரண்டுக்கும் இதே சிக்கல் சொல்லின் முதலில் உண்டு. அதையும் இப்படியே தீர்த்தோம். கடைசியாக முழு உரையையும் ஒருங்குறியின் இயல்பு வடிவத்துக்குக் கொண்டுவரும் செயல்பாட்டை ஓடவிட்டேன். கொம்பு, கால் என்று இரண்டு குறியாகக் கிடந்த ஒகரமும் ஒரே குறியாக இருந்த ஒகரமும் அதன் பிறகு ஒன்றாகிவிடும்.

மாற்றியை எழுதுவதைவிடச் சிரமம் எதை மாற்ற வேண்டும், எதை விட வேண்டும் என்பது. கோப்பில் ஆங்கிலமும் கலந்திருந்தது: நூற்பெயர்கள், கல்வெட்டு ஆண்டறிக்கை எண்கள். பாமினியில் காற்புள்ளி விசையில் இகரம் உட்கார்ந்திருக்கிறது. முழுக் கோப்பையும் ஒரே வீச்சில் மாற்றினால் ஆங்கில நூற்பட்டியலில் இருக்கும் காற்புள்ளிகள் எல்லாம் 'இ' ஆகிவிடும். அதனால் எழுத்துருப் பெயரைப் பார்த்து, பாமினி என்று குறிக்கப்பட்ட துண்டுகளை மட்டும் மாற்ற வேண்டும். வேர்டு கோப்பு ஒரு சொல்லையே உள்ளுக்குள் பல துண்டுகளாக உடைத்து வைத்திருக்கும். கொம்பு ஒரு துண்டிலும் மெய் அடுத்த துண்டிலும் கிடந்தால் இரண்டாம் படி தோற்றுவிடும். ஒரே எழுத்துருவில் அடுத்தடுத்து வரும் துண்டுகளை முதலில் ஒட்டிவிட்டு மாற்றுவதுதான் வழி.

வானவில் இயலுக்கு என்னிடம் நம்பகமான அட்டவணை இல்லை. எழுத்துருவின் 256 கட்டங்களையும் ஒரு தாளில் அச்சடித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் அது எந்த எழுத்து என்று அக்கா எழுதினார். ஒரு மாலைப் பொழுது வேலை. அந்தத் தாளையே அட்டவணையாக்கி, மற்ற படிகளை அப்படியே ஓட்டினேன்.

மாற்றியது சரியா என்று முந்நூறு பக்கத்தையும் வாசித்துப் பார்க்கும் முன்னால், முடியாத சேர்க்கைகளைத் தேடும் ஒரு சிறு சோதனையை எழுதினேன். உயிர்க்குறிக்குப் பின் உயிர்க்குறி, உயிர்க்குறிக்கோ புள்ளிக்கோ பின் புள்ளி, சொல்லின் முதலிலேயே உயிர்க்குறி, தமிழ்ச் சொல்லுக்கு நடுவில் ஆங்கில எழுத்து. இந்த நான்கில் எது வந்தாலும் அந்த வரியைக் காட்டும். முதல் ஓட்டத்தில் வந்தவை பெரும்பாலும் டிடிபி மையத்தில் இரண்டு முறை புள்ளி தட்டிய இடங்கள். காகிதத்தில் புள்ளிமேல் புள்ளி விழுந்தால் யாருக்கும் தெரியாது, கோப்பில் அது அப்படியே இருக்கும். இதை ஆய்வேடு தவிர்த்த கோப்புகளுக்கும் பரிந்துரைப்பேன். ஒருங்குறியிலேயே அடித்த கடைசி இரண்டு இயல்களிலும் இந்தச் சோதனை சிலவற்றைப் பிடித்துக் கொடுத்தது.

அதன் பிறகு எழுத்துப்பிழைக்கு வாணி, சந்திக்கு நாவி. நீச்சல்காரன் உருவாக்கிய இந்த இரண்டு கருவிகளும் இல்லாவிட்டால் ஒற்றுப் பார்ப்பதற்கே தனியாக ஒருவர் வேண்டும். ஆனால் வட்டார வழக்குச் சொற்களில் கருவியின் பரிந்துரையை ஏற்கக் கூடாது. கலிங்கு, கலுங்கு இரண்டும் ஆய்வேட்டில் இருக்கின்றன, எந்த ஊரில் எது என்பதே அந்த இயலின் பொருள். தகவலாளர் பேச்சைப் பதிந்த மேற்கோள்களை எந்தக் கருவிக்கும் கொடுக்காமல் தனியே பூட்டி வைத்தோம்.

கல்வெட்டு இயலில் இன்னொரு விஷயம். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளில் (919, 921) ஏரி வாரியம் பற்றி வரும் பகுதியை அக்கா மேற்கோள் காட்டியிருந்தார். அதில் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' வருகிறது. ஸ்ரீயை ஸகரத்தில் தொடங்கியும் அடிக்கலாம், 2005 இல் ஒருங்குறியில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் அடிக்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஆய்வேடு முழுவதும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம், இல்லாவிட்டால் தேடும்போது பாதிதான் கிடைக்கும். நில அளவுகளுக்கு மா, காணி, முந்திரி ஆகிய பின்னக் குறிகளும் தேவைப்பட்டன. மா என்பது இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. முன்பெல்லாம் இவற்றைக் கையால் எழுதியோ படமாக ஒட்டியோ வைப்பார்கள். 2019 இல் வந்த ஒருங்குறி 12 ஆம் பதிப்பில் தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும் அளவைக் குறிகளுக்கும் தனிப் பகுதி கிடைத்துவிட்டது. நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் எழுத்துருவில் அவை இருக்கின்றன. ஒரு பழைய பாசனக் கணக்கின் வரியை அந்தக் குறிகளோடு திரையில் அடித்துக் காட்டியபோது அக்கா, "இதை நானே அடிக்கலாமா, எனக்கும் சொல்லிக் கொடுடா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பக்க வடிவமைப்புக்கு லிப்ரெ ஆபீஸ் ரைட்டர் என்ற மென்பொருள். தமிழ் இதில் 'சிக்கல் எழுத்து வடிவமைப்பு' என்ற பிரிவில் வருகிறது. அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய் அதை இயக்கி, தமிழைத் தேர்ந்தெடுக்காவிட்டால், மேற்கத்திய எழுத்துக்கு வைக்கும் அளவும் தடிப்பும் தமிழுக்கு ஏறாது. 'அளவைப் பதினான்கு வைத்தேன், மாறவே இல்லை' என்று பலர் குழம்புவதற்கு இதுவே காரணம். வேர்டிலும் இதே கதைதான், அங்கும் சிக்கல் எழுத்துக்குத் தனிக் கட்டம் உண்டு.

இயல் தலைப்பு, உட்தலைப்பு, உடல் உரை, மேற்கோள், செய்யுள், அட்டவணைத் தலைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டைல் வைத்தேன். பொருளடக்கமும் அட்டவணைப் பட்டியலும் தானாக உருவாகும். நெறியாளர் கடைசி வாரத்தில் ஓர் உட்தலைப்பை மாற்றச் சொன்னார், பொருளடக்கத்தைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. முன்பக்கங்களுக்கு ரோமன் எண், முதல் இயலிலிருந்து 1. பைண்டிங் விளிம்புக்காக இடது பக்கம் ஒன்றரை அங்குலம், மற்றவை ஓர் அங்குலம், வரி இடைவெளி ஒன்றரை. இவை அக்காவின் பல்கலைக்கழகம் கேட்டவை. உங்கள் கையேட்டை முதலில் வாசித்துவிடுங்கள். நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவுக்கு மாறியபோது பாமினியில் இருந்ததைவிடப் பக்க எண்ணிக்கை கூடியது. அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. நெருக்கி அடைத்த பக்கத்தைத் தேர்வாளர் வாசிப்பது கஷ்டம்.

தமிழில் இருபுறமும் நேராக்கினால் நீண்ட சொற்களால் வரிகளில் ஓட்டை விழும். அதைச் சரிசெய்யச் சிலர் சொல்லுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளிக் குறியைச் செருகுவார்கள். வேண்டவே வேண்டாம். அந்தச் சொல் பிறகு தேடலில் கிடைக்காது. எங்கே ஓட்டை அதிகமோ அங்கே அக்காவே வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றி எழுதினார்.

சான்றெண் விளக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ் ஆய்வேடுகளில் இயல் முடிவில் வரும் இந்தப் பகுதியில் முந்தைய சான்றில் சொன்ன அதே நூல் என்ற பொருளில் 'மேலது', 'மேலது, ப. 45' என்று எழுதுவது வழக்கம். கையால் எண் போட்டு அடித்த கோப்பில் நடுவில் ஒரு சான்றைச் சேர்த்தாலோ எடுத்தாலோ அதற்குக் கீழே இருக்கும் மேலதுகள் எல்லாம் வேறு நூலைச் சுட்ட ஆரம்பித்துவிடும். அக்காவின் இரண்டாம் இயலில் அப்படி இடம் மாறிய சான்றுகள் இருந்தன. நெறியாளரிடம் கேட்டுக்கொண்டு மேலதுவை முழுவதும் விட்டுவிட்டு, ஆசிரியர் பெயரும் சுருக்கிய நூற்பெயரும் பக்க எண்ணும் என்று எல்லா இடத்திலும் எழுதினோம். எண்களை ரைட்டரின் இறுதிக்குறிப்பு வசதியே போட்டுக்கொள்கிறது. நூற்பட்டியலுக்கு ஜொட்டேரோ என்ற மென்பொருளைப் பயன்படுத்தினேன். அதில் பெயருக்கு இரண்டு கட்டம் இருக்கும், குடும்பப் பெயர் ஒன்று, முதற்பெயர் ஒன்று. நம் பெயர்களுக்கு அது பொருந்தாது. ஒற்றைக் கட்டத்துக்கு மாற்றிக்கொள்ளும் வசதி பக்கத்திலேயே இருக்கிறது. அதில் பெயரை முதலிலும் தலைப்பெழுத்தைப் பின்னாலும் அடித்துவிட்டால் வேலை முடிந்தது.

பின்னிணைப்பில் உள்ள சொல்லடைவுதான் இந்த ஆய்வேட்டின் பெறுமதி என்று நான் நினைக்கிறேன். அதை அகர வரிசைப்படுத்தும் வேலையைக் கணினியின் போக்கில் விட்டால் தப்பாகவே வரும். ஒருங்குறியில் எழுத்துகளுக்குக் கொடுத்த எண் வரிசை நம் நெடுங்கணக்கு வரிசை இல்லை. ன என்பது ந-வுக்கு அடுத்தும், ற என்பது ர-வுக்கு அடுத்தும் இருக்கும், ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்னால் இருக்கும். அதனால் மடை, மதகு, மழை, மறுகால் என்று வர வேண்டியது மடை, மதகு, மறுகால், மழை என்று வரும். புள்ளியின் எண் உயிர்க்குறிகளுக்குப் பிந்தியது என்பதால் மட்டம் என்ற சொல் மடைக்குப் பின்னால் போய்விடும். அகராதியில் மெய் முதலில், மட்டம் மடைக்கு முன்னால் வர வேண்டும்.

இதற்கு ஒரு வரிசைச் சாவி எழுதினேன். உயிர் பன்னிரண்டு, ஆய்தம், பிறகு க், க, கா, கி என்று பதினெட்டு மெய்களின் வரிசை, கடைசியில் ஜ, ஷ, ஸ, ஹ. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண். ஓப்பன்-தமிழ் நூலகம் சொல்லைக் குறிகளாக உடைக்காமல் எழுத்துகளாகப் பிரித்துக் கொடுக்கும், அந்த எழுத்துகளின் எண்களை வரிசையாக வைத்து ஒப்பிட்டால் போதும். சொல்லடைவு முழுவதும் சரியான வரிசைக்கு வந்து நின்றபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. துணைநூற்பட்டியலுக்கும் இதே சாவிதான்.

ஒப்புமைச் சோதனைக்கு, அதாவது ஆய்வேடு மற்றவர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருளில் பார்ப்பதற்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் நடவடிக்கை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு சமர்ப்பிக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. சான்று காட்டிய மேற்கோள்கள், நூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை ஆகியவை கணக்கில் வராது. மென்பொருள் மேற்கோளை அடையாளம் காண்பது பெரும்பாலும் மேற்கோள் குறியை வைத்துத்தான். அக்கா கல்வெட்டுப் பகுதிகளை உள்தள்ளி மட்டும் வைத்திருந்தார், குறி போடவில்லை. எல்லாவற்றுக்கும் போட்டோம். பாமினியில் அடித்த உரையை அப்படியே கொடுத்தால் மென்பொருள் அதை ஒருங்குறியில் உள்ள எந்தத் தமிழ் நூலோடும் ஒப்பிட முடியாது, பூஜ்யத்தை ஒட்டிய எண் வரும். அந்த எண்ணுக்கு ஒரு பொருளும் இல்லை. ஒருங்குறியில் கொடுத்துவிட்டு வந்த எண்ணை அக்கா நிம்மதியாக நெறியாளரிடம் காட்ட முடிந்தது.

தகவலாளர் பட்டியலில் பெயர், வயது, ஊர், தொழில், கைபேசி எண் என்று ஐந்து பத்தி இருந்தது. கைபேசி எண்ணை எடுத்துவிடச் சொன்னேன். அக்கா முதலில் தயங்கினார். களப்பணி நடந்ததற்கு அது சான்று என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் இது உலகம் முழுக்கத் திறந்த களஞ்சியத்துக்குப் போகிற கோப்பு. கண்மாய்க்கரையில் உட்கார்ந்து பேசிய பெரியவரின் எண் அங்கே இருக்கத் தேவையில்லை. எண்களோடு கூடிய பட்டியலைத் தனித்தாளாக நெறியாளரிடம் கொடுத்தோம். அவரும் அதுவே சரி என்றார்.

பிடிஎஃப் எடுக்கும்போது ஒரு சோதனை கட்டாயம். பிடிஎஃபில் இருப்பவை எழுத்துருவின் உருவங்கள். எந்த உருவம் எந்த எழுத்து என்ற குறிப்பு உள்ளே சரியாக இல்லாவிட்டால் ஒருங்குறியில் அடித்தும் தேட முடியாது. அச்சுப்பொறி வழியாக எடுத்த பிடிஎஃபில் கொம்பு எழுத்துகள் இடம் மாறி நகலாயின. ரைட்டரின் ஏற்றுமதி வசதியில் எடுத்தது நன்றாக வந்தது. இயலுக்கு ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டி, 'ஏரி', 'நீர்', 'வெள்ளம்', 'கொடிவாய்க்கால்' என்று தேடிப் பார்த்த பிறகே கோப்பைக் கொடுத்தேன். சோத்கங்காவுக்குத் தலைப்புப் பக்கம், சான்றிதழ், ஒவ்வோர் இயல் என்று தனித்தனிக் கோப்பாகத் தர வேண்டும், ஆகவே ஒவ்வொன்றிலும் இந்தத் தேடலைச் செய்தேன்.

பைண்டிங் கடையில் மேலட்டைக்கும் முதுகுக்கும் தங்க எழுத்து. அவர்கள் கணினியில் நம் எழுத்துரு இருக்காது, அவர்களே மறுபடி அடித்தால் தலைப்பில் பிழை வரும். எனவே அட்டை எழுத்துகளை வளைகோடுகளாக மாற்றிய பிடிஎஃபாகக் கொடுத்தேன். முதுகில் ஆய்வாளர் பெயர், மாதம், ஆண்டு. தலைப்பு நீளம் என்பதால் முதுகில் வைக்கவில்லை. தங்கத் தாள் ஒட்டும் முன் ஒரு வெள்ளைத் தாளில் அச்சுப் பார்த்தோம். ஒற்றுகள் சரியாக இருந்தன.

வாய்மொழித் தேர்வுக்குத் தேதி வர வேண்டும். தேர்வாளர்கள் சொல்லும் திருத்தங்களை ஏற்ற ரைட்டர் கோப்பு தயாராக இருக்கிறது. இதற்கிடையில் அக்காவின் களக்குறிப்புகள் பாமினியில் இன்னும் நிறைய இருக்கின்றன, ஆய்வேட்டில் சேராத சொற்கள் அவற்றில் உண்டு. அதே ஐந்து படிகளையும் அதே வரிசைச் சாவியையும் வைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் மாற்றி வருகிறோம். இந்த வாரம் 'ப' வரை வந்திருக்கிறோம்.